ரி-யில் நின்ற மெட்டு

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு விஷயத்தில் காது கிடையாது. தாலாட்டும் ஒப்பாரியும் அவருக்கு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டை வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டு முகத்தைப் பார்த்தால், எப்போது ஆரம்பிக்கப் போகிறாய் என்று கேட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தபடி பெட்டியை மூடினேன். அது மட்டும் அவர் காதில் சரியாக விழுந்தது.

வாழ்நாளில் நான் சொந்தமாக மெட்டுப் போட்டது மிகக் கொஞ்சம். அதில் முதலாவதை இந்த மனிதருக்குப் புரிகிற மாதிரி போட வேண்டியிருந்தது. புரியாமல் போனால் அவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வேறு எந்தப் பாட்டுக்காரிக்கும் இப்படி ஒரு ரசிகர் வாய்த்திருக்க மாட்டார்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் தோட்டம் கோலா கெத்திலிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும் சடக்கின் ஓரத்தில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். ரப்பர் பால் வாங்க ஆளில்லை. பால்வெட்டு ஏறக்குறைய நின்றுபோய், சரிவில் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் மரவள்ளி போட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று லோரி வரும். முதலில் அரிசி தருவோம், துணி தருவோம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை என்றதும் யாரும் ஏறவில்லை. அதற்கப்புறம் அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். லோரி நின்ற இடத்தில் கைக்கு எட்டிய ஆண்பிள்ளை ஏற வேண்டியதுதான்.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். கூடப் பிறந்தவர் இல்லை. அவருடைய அப்பாவும் என் மாமனாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், அந்த உறவு. அண்ணன் தோட்டத்துக் கோயிலில் பஜனை பாடுகிறவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் முன்னடியை எடுத்துக் கொடுக்க, பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி பின்னடியை வாங்கிப் பாடுவார். அது கோயிலோடு நிற்காது. அண்ணன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டு ஒரு அடியை முனகினால், அடுப்படியிலிருந்து அடுத்த அடி தானாக வரும். எனக்கு அந்த வீட்டின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. என் வீட்டில் நான் பாடினால் சேவல்தான் பதில் சொல்லும்.

சரிவின் உச்சியில், சடக்கு தெரியும் இடத்தில் எங்கள் கொல்லை. அதற்குக் கீழே, ஒரு பட்டை ரப்பர் மரங்களைத் தாண்டி, அண்ணியின் கொல்லை. அதற்கும் கீழே பாயா. சதுப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாழைப் புதர் மண்டிய இடம், உள்ளே போனவனை வெளியிலிருந்து பார்க்க முடியாது. லோரி வந்தால் ஆண்கள் அதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். லோரியை முதலில் பார்ப்பவள் நான். நான் குரல் கொடுத்தால் அண்ணிக்குக் கேட்கும், அண்ணி குரல் கொடுத்தால் பாயாவுக்குக் கேட்கும். எப்படிக் குரல் கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

முதலில் தகரத்தைத் தட்டிப் பார்த்தோம். என்ன சத்தம் என்று பார்க்கச் சிப்பாய்கள் நேரே அங்கேயே வந்து நின்றார்கள். அப்புறம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாமி பாட்டை அடையாளமாக வைத்தோம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டில் உள்ள சங்கடம், எல்லாரும் அதைப் பாடிக்கொண்டே இருப்பார்கள். கிணற்றடியில் யாரோ ஒருத்தி ஞாபகமில்லாமல் பாட, அதைக் கேட்டு ஆண்கள் பாயாவுக்குள் ஓடி, அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருந்தார்கள். லோரி வரவே இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டே, ஒருத்தருக்கும் தெரியாத பாட்டாக ஒன்று இருந்தால் தேவலை என்றார்.

நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் மூளை என்றைக்கும் வாய்க்குப் பின்னால்தான் வரும்.

என் சங்கீதப் படிப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். சுங்கை பட்டாணியில் தையல் கடை வைத்திருந்த என் அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து ஆர்மோனியத்தை வாங்கி, கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் எனக்குப் பாடம் வைத்தார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, கொஞ்சம் கீதங்கள். இருக்கிற பாட்டை வாசிக்கத் தெரியும். இல்லாத பாட்டை எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பெட்டியைத் திறந்தால் ஈரமும் கரப்பானும் சேர்ந்து ம, நி இரண்டையும் ஊமையாக்கியிருந்தன. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் அலுத்துக்கொண்டபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அண்ணி சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சமிருந்த ஸ, ரி, க, ப, த ஐந்தையும் வைத்தே பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்திருப்பது தெரிந்தது. அந்த ஐந்தில் எதை எதோடு சேர்த்தாலும் காதை உறுத்தவில்லை. நான் பழகிய வரிசையில் க-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும், நி-க்கும் மேல் ஸ-வுக்கும் நடுவிலும்தான் இடைவெளி மிகக் குறுகல். பழகாத தொண்டை வழுக்குவது அங்கேதான். இப்போது அந்த இரண்டு இடமும் இல்லை. மோகனம் என்று பெயர் சொல்லி நான் படித்த ராகத்தைச் சின்னப் பிள்ளைகள்கூடத் தப்பாமல் பாடுவது ஏன் என்று கரப்பான் அரித்த பெட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

முதலில் போட்ட மெட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழே கிளம்பி, தாவித் தாவி த-வைத் தொட்டு, சுழன்று சுழன்று இறங்கும். அண்ணியிடம் பாடிக் காட்டினேன். அவர் பாதி வழியில் வழி தெரியாமல் நின்று, இது பாட்டா மரம் ஏறுகிற வேலையா என்று கேட்டார். பஜனையில் பழகிய தொண்டைக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? கோபத்தோடு அதைக் கலைத்துப் போட்டுவிட்டு, அண்ணி எங்கெங்கே தடுமாறினார் என்று யோசித்தேன். அடுத்தடுத்த சுரத்துக்கு நடந்து போன இடத்தில் அவர் தவறவே இல்லை. தாவிய இடங்களில்தான் தவறினார். ஆனால் முதல் தாவலை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அதாவது ஒரு தாவல் இருந்தால் அந்த இடம் மனசில் தங்கும், எல்லாமே தாவலாக இருந்தால் எதுவும் தங்காது. ஆகவே ஸ-விலிருந்து க வரை நடை, க-விலிருந்து ப-வுக்கு ஒரே ஒரு தாவல், பிறகு மறுபடியும் நடந்து இறங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் விளங்கி அவருக்கு விளங்காத மெட்டால் எனக்கு என்ன பிரயோஜனம்? அவரை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, ஸ-வையும் ரி-யையும் மாற்றி மாற்றி அமுக்கி, எது மேல் எது கீழ் என்று கேட்டேன். இரண்டும் ஆர்மோனியம் என்றார். ஸ-வையும் ப-வையும் அமுக்கியபோது சற்று யோசித்து, ஒன்று ஆம்பிளைக் குரல், ஒன்று பொம்பளைக் குரல் என்றார். பரவாயில்லை, தாவல் தெரிகிறது. நீளமாக இழுத்ததையும் சட்டென்று விட்டதையும் தப்பாமல் சொன்னார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொள்வார், மரம் மரமாக ரப்பர் பால் மங்கு எண்ணிப் பழகிய கை. குட்டையும் நெட்டையும் விரலில் நின்றால் போதும் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரு நாள் அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது கஞ்சி பொங்கிற்று. மெட்டை ரி-யில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"அப்பறம்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து மறுபடி வாசித்தேன். க-வில் நிறுத்தினேன். அப்பறம் என்றார். த-வில் நிறுத்தினேன். அப்பறம் என்றார். ப-வில் நிறுத்தியபோது மட்டும் சற்று இருந்து, போதும் என்றால் போதும் என்றார். கடைசியில் ஸ-வில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கைலியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

ஸ எது ரி எது என்றே தெரியாத மனிதருக்கு, மெட்டு ஸ-வில் வந்து நின்றது எப்படித் தெரிந்தது? கிழங்கு தோண்டும்போதும் விறகு பொறுக்கும்போதும் இதே யோசனை. மறுநாள் அவரை ஏமாற்றிப் பார்த்தேன். ரி-யில் தொடங்கி, ரி-யையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஸ-வில் விட்டேன். அப்பறம் என்றார். ரி-க்குக் கொண்டுபோனதும் எழுந்துவிட்டார். ஆதார சுருதி என்று பாடத்தில் நான் உருப்போட்ட சொல்லுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் விளங்கிற்று. ஸ என்பது தனியாக ஒரு சத்தம் இல்லை. பாட்டு எங்கே குடியேறுகிறதோ அதுதான் ஸ, அதுதான் அதற்கு வீடு. கிளம்பிய பாட்டு வீடு திரும்பியதா இல்லையா என்பது காது இல்லாதவருக்கும் உடம்பில் தெரிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று அவருக்குக் கிழங்கு ஒரு துண்டு கூடவே வைத்தேன்.

அதை வைத்தே அடையாளத்தைப் பிரித்தேன். மெட்டுக்கு இரண்டு பாதி. முன்பாதி கேள்வி, ரி-யில் தொங்கி நிற்கும். பின்பாதி பதில், அதே மாதிரி கிளம்பி ஸ-வில் வந்து உட்காரும். முன்பாதியை மட்டும் பாடினால் லோரி தோட்டத்தில் இருக்கிறது, வெளியே வராதே. பின்பாதியையும் சேர்த்துப் பாடினால் போய்விட்டது, வா. என் வீட்டுக்காரர் மனசுக்குள் அப்பறம் என்று கேட்கிற வரைக்கும் பாயாவிலேயே இருக்க வேண்டியது.

எல்லாம் கூடி வந்த சமயத்தில் அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மெட்டைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டு, "சப்பான்காரன் பாட்டு மாதிரில்ல இருக்கு, தங்கச்சி" என்றார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஜப்பான் மொழிதான் பாடம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நடைப்பாட்டுப் பாட வைப்பார்கள். நான் விறகு பொறுக்குகிற மாதிரி ஜன்னலோரமாகப் போய் நின்று கேட்டேன். கேட்டதை வாயிலேயே முனகிக்கொண்டு வந்து பெட்டியில் அமுக்கிப் பார்த்தால், ஆமாம், அதே ஐந்து கட்டைதான். ம-வும் இல்லை, நி-யும் இல்லை. ஊரைப் பிடித்தவன் என் ராகத்தையும் பிடித்துவிட்டானா என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபம் ஆறியதும் ஆச்சரியம்தான் மிஞ்சியது. கடல் கடந்து எங்கேயோ இருக்கிறவன் தொண்டைக்கும் இதே ஐந்துதான் சுகமாக இருந்திருக்கிறது. நம்மைப் போட்டு மிதிக்கிறவனும் நம்மைப் போலவே க-வுக்கும் ம-வுக்கும் நடுவில் வழுக்குகிறவன்தான் போலிருக்கிறது.

பிறகு எது வேறு என்று பார்த்தேன். அவர்கள் பாட்டு பூட்ஸ் கால் பாட்டு. இடது வலது, இடது வலது என்று இரண்டிரண்டாகப் போகும். நான் மும்மூன்றாக மாற்றினேன். தகிட, தகிட என்று தூளி ஆடுகிற கணக்கு. அரிசி ஒன்றுதான், கஞ்சியாவதும் புட்டாவதும் கையைப் பொறுத்தது. ஸ ஸ ரி, க என்று ஒரு இழுப்பு. ப ப க, ரி என்று ஒரு இழுப்பு. அது முன்பாதி. மறுபடியும் ஸ ஸ ரி, க. அப்புறம் ப க ரி, ஸ. அவ்வளவுதான் என் சாகித்தியம். வார்த்தை வைக்கவில்லை. வெறும் தன்னானே. வார்த்தை இருந்தால் அர்த்தம் என்ன என்று எவனாவது கேட்பான்.

அண்ணன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அண்ணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பாட்டைப் பாதியில் விடுவது வீட்டுக்கு ஆகாது, கோயிலில்கூட அவர் அடியை நான் வாங்கி முடிக்காமல் விட்டதில்லை என்றார். பாதியில் விடுவதுதான் இதன் சூட்சுமமே என்று நான் அடித்துப் பேசினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, சரி, முடிக்கிற வேலையை நான் பாயாவிலிருந்து மனசுக்குள் செய்துகொள்கிறேன், நீ விட்டுவிடு என்று சமாதானம் சொன்னார். அண்ணி அரை மனசாகத்தான் ஒத்துக்கொண்டார்.

மெட்டு நன்றாகவே வேலை செய்தது. லோரி வந்த ஒவ்வொரு தடவையும் நான் மேலிருந்து முன்பாதியைப் பாடுவேன். அண்ணி அதை வாங்கிக் கீழே பாடுவார். மழைக் காலத்தில் பாயாவில் தவளை போடுகிற கூச்சலை மீற அண்ணி இரண்டு தடவை பாட வேண்டியிருக்கும். சிப்பாய்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் சடக்கோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கும் அப்பறம் என்று இருந்திருக்கும்.

அது மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நின்ற வெயில் காலம். காலையிலேயே லோரி வந்துவிட்டது. நான் பாடினேன், அண்ணி வாங்கிப் பாடினார், ஆண்கள் பாயாவுக்குள் போய்விட்டார்கள். லோரி போகவில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு லயத்தில் வீடு வீடாகப் பார்த்தார்கள். அவ்வப்போது முன்பாதியைத் திரும்பப் பாடுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு, லோரி இன்னும் இருக்கிறது என்று கீழே தெரிவதற்காக. வெயில் ஏறிற்று. நான் பாட, அண்ணி பாட, பாட்டு ரி-யில் போய்ப் போய் நின்றது. மத்தியானத்துக்குள் எனக்கே தலையைச் சுற்றியது.

உச்சி வெயிலில் நான் மறுபடியும் முன்பாதியைப் பாடி நிறுத்தினேன். கீழே கொல்லையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. முன்பாதி வரவில்லை. ஸ ஸ ரி, க. ப க ரி, ஸ. பின்பாதி வந்தது.

காலையிலிருந்து பாதியிலேயே நின்ற பாட்டை அண்ணியின் தொண்டை முடித்து வைத்துவிட்டது. அவர் நினைத்துச் செய்ததில்லை. யாராவது ஒரு அடியைப் பாடி நிறுத்தினால் அடுத்த அடியை வாங்குவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆபீசுப் பக்கம் லோரி நின்றுகொண்டிருக்கிறது, நான் கூவித் தடுக்கவும் முடியாது. முன்பாதியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். பயத்தில் கம்மிய குரல் பாயா வரை எட்டவில்லை.

பாயாவுக்குள் நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். மற்ற நாட்களில் இலையும் தழையும் மறித்து என் குரல் அவ்வளவு தூரம் போகாது. அன்று மொட்டை மரங்களுக்கு நடுவே லேசாகக் கேட்டிருக்கிறது. தூரத்தில் நான் பாடிய முன்பாதி, கிட்டத்தில் அண்ணி பாடிய பின்பாதி. அண்ணனுக்கு இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் பாட்டு. ஒருத்தர் எடுத்துக் கொடுத்து ஒருத்தர் வாங்குவதுதான் அவருக்குத் தெரிந்த பாட்டு. முடிந்தது, வாங்க என்று எழுந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அவர் கைலியைப் பிடித்து இழுத்திருக்கிறார். குரல் மாறினால் அவருக்கு வேறு பாட்டு. மேலே பாடியவள் முடிக்கவில்லை, கீழே யாரோ என்னவோ பாடுகிறார்கள், அவருக்குக் கேட்டது அவ்வளவுதான். உனக்குக் காதே கிடையாதே என்று அண்ணன் சிரித்துவிட்டு, நான் முதலில் போய்ப் பார்க்கிறேன், நீங்கள் இருங்கள் என்று வெளியே வந்தார்.

சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்த சிப்பாய்கள் அண்ணியின் கண் முன்னாலேயே அவரைப் பிடித்தார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை, பாயாவின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஓடி வந்தபோது அண்ணி மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  யார் மேல் தப்பு என்று நான் பஞ்சாயத்து வைக்க வரவில்லை. ஆனால் அன்று எனக்கு அண்ணி மேல் ஆத்திரமாக வந்தது. என் புருஷன் தப்பியதில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அண்ணி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரொம்ப நாள் கழித்து, சேர்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார்.

"அந்தக் கடைசிச் சத்தத்துக்கு என்னா பேரு சொன்ன, புள்ள?"

"ஸ."

"வூடுன்னு சொன்னியே, அதா?"

ஆமாம் என்றேன்.  அண்ணனைப் பிடித்த நாளுக்குப் பிறகு அவர் பாடியதை நான் கேட்கவில்லை. கோயிலில் பஜனை நடந்தால் கடைசியில் உட்கார்ந்து, தீபாராதனை முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.

நான் மெட்டை மாற்றினேன். தொங்கி நிற்கிற பாட்டை யாரும் முடிக்காமல் விடமாட்டார்கள் என்பது தெரிந்த பிறகு, ஆபத்தை அறிவிக்கிற பாட்டையே ஸ-வில் முடிகிற மாதிரி போட்டேன். அண்ணியின் கொல்லையில் வேறொருத்தி நின்று அதை வாங்கிப் பாடினாள். யார் பதில் பாடினாலும் சேதமில்லை. போய்விட்டது என்று சொல்ல எந்தப் பாட்டும் இல்லை. நானே வாளியைத் தூக்கிக்கொண்டு பாயாவுக்குப் போய் நிற்பேன், என்னைக் கண்ணால் பார்த்தால்தான் வெளியே வர வேண்டும். புது மெட்டு பழையதைப் போல் அழகில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து ஒருத்தரும் போகவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேராக ஆட்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் வருவார் என்று நாங்கள் நம்பவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் கொல்லை ஓரத்தில், கோலை ஊன்றிக்கொண்டு யாரோ நிற்கிறார் என்று பார்த்தால் அவர்தான். காலில் புண் ஆறி எலும்போடு தோல் ஒட்டியிருந்தது. சடக்கிலிருந்து வந்தால் முதலில் வருவது எங்கள் கொல்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி இருக்கிறாரா என்று அண்ணன் முதலில் கேட்டார். இருக்கிறார் என்றேன். பாடுகிறாரா என்று கேட்டார்.

"இல்லண்ணே. அன்னையிலேருந்து வாயத் தொறக்கல."

குவளையைக் கீழே வைத்தார். 

"அவ கொரலுன்னுதான் எந்திரிச்சேன், தங்கச்சி. வேற யாரு பாடியிருந்தாலும் ரெண்டு வாட்டி யோசிச்சிருப்பேன். இத அவகிட்ட சொல்லிப்புடாத."

லயத்துக்கு நடந்தோம். அண்ணி வாசலில் நின்றார். அழவில்லை, ஓடி வரவுமில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அண்ணன் பேச ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"அன்னிக்குப் பாயாவுல தவள போட்ட சத்தத்துல பாட்டாவது ஒண்ணாவது. ஒரு எழவும் காதுல விழுவல. பசி தாங்காம கெழங்கு தோண்டலாம்னு வந்தேன், புடிச்சுக்கிட்டான்."

என் வீட்டுக்காரருக்குப் பொய் பேச வராது, பிறர் பேசினால் பார்த்துக்கொண்டிருக்கவும் வராது. பாட்டு நன்றாகக் கேட்டதே என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் அண்ணன் கோயிலில் முன்னடியை எடுத்தார். குரல் உடைந்து, பாதிக் காற்றாக வந்தது. ஒரு அடி பாடி நிறுத்தினார்.  பெண்கள் பக்கத்தில் கடைசியிலிருந்து அண்ணி அடுத்த அடியை வாங்கி, நேராக ஸ-வில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று நான் எனக்குள் மெச்சிக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் காலமான பிறகு ஒரு நாள், அண்ணியும் நானும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது. கீழே பாயாவில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அவர புடிச்சுக்கிட்டுப் போன மாசத்துல தவள ஏது புள்ள?" என்றார். "எல கொட்டி, சேறெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு."

தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"சயாம்லேருந்து அத யோசிச்சுக்கிட்டே நடந்து வந்திருக்காரு. அவரு எடுத்துக் குடுத்தத நான் முடிக்காம வுடலாமா?"